படிக்கட்டின் கீழே ஒரு வரலாறு

ஒரு மக்களினம் எதனைப் போற்றியது, எதனை மறந்தது என்று அறிய விரும்புவோர்க்கு அருங்காட்சியகம் நல்லதோர் அளவுகோல். அங்கே இடம்பெற்றவை போற்றப்பட்டவை, இடம்பெறாதவை மறக்கப்பட்டவை. இதனை நாம் வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆயினும் அதன் முழுப்பொருளை நமக்கு உணர்த்தியவர் நம்மிடம் பயின்ற மாணவி ஒருவரே.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலிருக்கும். இளங்கலைத் தமிழ் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்திற்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றோம். வடமதுரையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படித்த அம்மாணவியும் உடன் வந்தார். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் இடக்காலில் காலிப்பர் அணிந்து, ஊன்றுகோல் கொண்டு நடப்பவர். கட்டடத்தின் வாயிலில் உயரமான படிகள் இருந்தன. பற்றி ஏறக் கைப்பிடி இல்லை, சாய்தளமும் இல்லை. இரண்டு படி ஏறிப் பார்த்தவர் நின்றுவிட்டார். “நீங்கள் போய் வாருங்கள் ஐயா, பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நாமும் போய்விட்டோம். புறப்படுவதற்கு முன்பே அவ்விடத்தைப் பற்றி விசாரித்திருக்க வேண்டியவர்கள் நாம். அத்தவறு நம்முடையது.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, கண்டவற்றையெல்லாம் அவரிடம் விவரித்தோம். அனைத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உள்ளே என்னைப் போல யாராவது இருந்தார்களா ஐயா?” என்றார். அருகில் நின்ற மாணவன் ஒருவன், “நடராசர் காலடியில் ஒரு குள்ளன் கிடக்கிறான்” என்றான். எல்லாரும் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. நமக்கும் அன்று மறுமொழி கிடைக்கவில்லை. காலம் தாழ்ந்தேனும் அவ்வினாவிற்கு மறுமொழி சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

காலடியிலும் பீடத்திலும்

அம்மாணவன் விளையாட்டாகச் சொன்னதில் ஆழ்ந்த செய்தி ஒன்று உண்டு. ஆடவல்லான் திருவடியின் கீழ்க் கிடக்கும் உருவத்தை முயலகன் என்பர். வடமொழியில் அபஸ்மாரன் என்பர். அபஸ்மாரம் என்பது வலிப்பு நோயின் பெயர். தமிழிலும் முயலகன் என்னும் சொல் அந்நோயைக் குறித்து வழங்கியது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனின் மகளை வருத்திய முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. சைவ சமயத்தார் முயலகனை அறியாமையின் வடிவம் என்று விளக்குவர். அவர்தம் சமயக் கொள்கையில் தலையிடுவது நம் நோக்கமன்று. மொழியாசிரியர் என்னும் முறையில் ஒன்றை மட்டும் சுட்ட விரும்புகிறோம். குட்டையான உடல், ஒரு நோயின் பெயர், அறியாமை என்னும் பொருள் ஆகிய மூன்றும் அங்கே ஓருருவில் இணைந்துள்ளன. நாம் கண்ட காட்சிக்கூடங்களில் திருமேனியின் காலமும் உயரமும் கிடைத்த ஊரும் எழுதப்பட்டிருந்தன. இந்தச் சொல்வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்றையும் நாம் கண்டதில்லை.

குட்டையான உடல் மிதிக்கப்பட மட்டுமே பயன்பட்டது என்று எண்ணுவதும் பிழையாகும். அகத்தியர் குறுமுனி என்றே போற்றப்படுகிறார். தமிழுக்கு முதல் இலக்கணம் வகுத்தவர் என்று மரபு வணங்கும் பெரியவரின் உடல், முயலகனின் உடலைப் போன்றே குறுகியது. ஒரே வகை உடல் ஓரிடத்தில் காலடியிலும், மற்றோரிடத்தில் பீடத்திலும் இருக்கிறது. இழிவும் பெருமையும் உடலில் இல்லை, பார்ப்பவர் கருத்திலேயே இருக்கின்றன என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. ஆனால் அதனை எடுத்துச் சொல்வார் இல்லாமையால், காண வருவோர் சிரித்துவிட்டுப் போகின்றனர்.

ஏட்டில் எழுதியவை

நம் இலக்கியங்களில் உடற்குறையுடையார் இல்லாமல் இல்லை. எவ்வாறு இருக்கின்றனர் என்பதே ஆராயத்தக்கது.

புறநானூற்றின் 28-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறுகிறார். கண்ணின்மை, கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எட்டு வகையை எச்சம் என்று வரிசைப்படுத்தி, அவை பயனில்லாப் பிறப்புகள் என்று பழையோர் கூறியதை எடுத்துக்காட்டுகிறார். குறையற்ற பிறப்பெடுத்த மன்னன் அறம்பொருளின்பங்களைக் கைவிடலாகாது என்பது பாட்டின் நோக்கம். நோக்கம் நன்று. ஆனால் மன்னனை அறத்தின்பால் செலுத்த எட்டு வகை மனிதர்கள் எதிர்ச்சான்றாக நிறுத்தப்படுகின்றனர். அப்பாடலைப் பல்லாண்டு பாடம் நடத்திய நாம், வகுப்பில் அவ்வெட்டனுள் ஒருவர் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்ததில்லை.

சிலப்பதிகாரத்தின் இந்திர விழாவில், உடற்குறையும் நோயும் நீங்க மூழ்கி எழும் பொய்கை ஒன்று பேசப்படுகிறது. மணிமேகலையில் ஆபுத்திரன், கண்ணிலாரையும் காது கேளாரையும் கால் முடப்பட்டோரையும் அழைத்து உணவளிக்கிறான். முன்னதில் அவர்கள் குணமாக வேண்டியவர்கள். பின்னதில் உண்பிக்கப்பட வேண்டியவர்கள். ஆபுத்திரனின் அருளுள்ளம் தமிழர்க்குப் பெருமை சேர்ப்பது என்பதில் ஐயமில்லை. எனினும் அவன் பாத்திரத்தின் முன் வந்து நின்றவர்களுள் ஒருவருக்கேனும் பெயர் இல்லை, பேச்சும் இல்லை.

இவற்றிலிருந்து மாறி நிற்பது கலித்தொகையின் 94-ஆம் பாடல். அரண்மனைப் பணியாளர் இருவர், ஒருவர் கூனி, மற்றவர் குறளன், ஒருவரையொருவர் எள்ளியும் இறுதியில் இசைந்தும் உரையாடுகின்றனர். இதனை நகைச்சுவைப் பாட்டு என்று ஒதுக்குவதே வழக்கம். ஆயினும் அவர்கள் வாயாலேயே அவர்களைப் பேசவிட்ட பாட்டு இது. அவர்க்கும் காதல் உண்டு, நாணம் உண்டு, வாய்த்துடுக்கும் உண்டு என்று காட்டிய பாட்டு.

திருக்குறளின் 618-ஆம் குறளில் வரும் ‘பொறி’ என்னும் சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. பரிமேலழகர் அதற்கு விதி என்று பொருள் கொண்டார். உடலுறுப்பு என்று பொருள் கொண்டோரும் உளர். பின்னவர் உரைப்படி, உறுப்புக் குறைபாடு எவர்க்கும் பழியன்று. அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி. ஒரு சொல்லின் பொருள், ஒரு மனிதனைச் சமுதாயம் எங்கே நிறுத்துகிறது என்பதையே மாற்றிவிடுகிறது. தமிழ்த்துறையார் கவலைப்பட வேண்டிய இடம் இதுவே.

திருவாமாத்தூர் காட்டும் வழி

ஏடுகளில் இரக்கத்திற்கும் நகைப்பிற்கும் உரியவராய் நின்றவர்களைக் கல்வெட்டில் வேறு கோலத்தில் காண்கிறோம். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டொன்று, பார்வையற்றோர் 16 பேர் திருப்பதியம் பாடுவதற்கென ஏற்படுத்திய அறக்கட்டளையைக் குறிக்கிறது. அவர்களுக்குக் கண்ணாக நின்று வழிகாட்டுவோர்க்கும் அதில் ஏற்பாடு உண்டு.

இதனை ஆழ்ந்து நோக்க வேண்டும். அப்பாடகர்கள் பிச்சைக்காக நிற்கவில்லை. பாடும் பணிக்காக வாழ்வூதியம் பெற்றனர். அவர்கள் பணி செய்வதற்கு எது தடையோ அத்தடையை நீக்கும் பொறுப்பையும் அறக்கட்டளையே ஏற்றது. ‘பாட வல்லவர் வரட்டும், வந்து சேர்வது அவர் பாடு’ என்று விட்டுவிடவில்லை. நம் காலத்தில் சட்டம் வகுத்துச் சொல்லும் நெறியை அவர்கள் அன்றே கல்லில் வெட்டி வைத்தனர்.

அவ்வூருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இரட்டையர் என்று வழங்கும் இளஞ்சூரியர், முதுசூரியர் ஆகிய புலவர் இருவரும் பாடிய நூல்களுள் ஒன்று திருவாமாத்தூர்க் கலம்பகம். ஒருவர்க்குக் கண் இல்லை. ஒருவர்க்குக் கால் இல்லை. கால் இல்லாதவரைக் கண் இல்லாதவர் சுமக்க, கண்ணுடையவர் வழிகாட்ட, ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பது மரபு. ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிப்பாராம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரோ பார்வையின்றியே திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலா, சேயூர்க் கலம்பகம் ஆகியவற்றை இயற்றினார். இவர்களைக் கற்பிக்கும்போது குறையை வியப்புச் செய்தியாகச் சொல்லி, பாட்டைச் சுருக்கி முடிப்பதே நம் வழக்கமாக இருந்து வந்துள்ளது. பாட்டை முதலில் வைத்தல் வேண்டும்.

மதீனாவின் குரலும் நம் மோதினாரும்

இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்கு இணையான காட்சி ஒன்று உண்டு. பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நாடி வந்த வேளையில், நாயகம் அவர்கள் குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்தார்கள். அதனையொட்டி அருளப்பெற்றதே திருக்குர்ஆனின் 80-ஆம் அத்தியாயமாகிய அபஸ. நாடி வந்தவர் பார்வையற்றவராயினும் அவரே முகம் கொடுக்கத்தக்கவர் என்னும் பாடம் அதில் உண்டு. பின்னாளில் பிலால் (ரலி) அவர்களோடு அவரும் மதீனாவின் பாங்கொலியானார். நோன்புக் காலத்தில் அவர் குரல் கேட்கும்வரை உண்ணலாம் என்பது நபிமொழி. வைகறை புலர்ந்துவிட்டது என்று பிறர் சொன்ன பின்னரே அவர் பாங்கு சொல்வார். திருவாமாத்தூரில் வழிகாட்டிய கண்களும், மதீனாவில் வைகறையை அறிவித்த கண்களும் ஒரே பணியைச் செய்தன.

இத்தகைய முன்மாதிரியைப் பெற்ற நாம் எவ்வாறு நடந்துகொண்டோம்? நம் உறவினர் வாழும் சிற்றூரில் பள்ளிவாசல் மலர் ஒன்று தொகுக்கப்பட்டது. அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாங்கு சொன்ன பெரியவர் பார்வையற்றவர். அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதித் தருமாறு நம்மிடம் கேட்டனர். அவர் பெயர் என்ன என்று வினவினோம். ஒருவருக்கும் தெரியவில்லை. நம் பெரியத்தா, “எல்லாரும் குருட்டு மோதினார்னுதான் கூப்பிடுவோம் தம்பி, பேரு யாரு கேட்டா?” என்றார். இறுதியில் அவர் மகளின் நிக்காஹ் தப்தரில், பெண்ணின் தகப்பனார் என்னும் இடத்தில் அவர் பெயர் கிடைத்தது. நாளொன்றுக்கு ஐந்து வேளை ஓர் ஊரையே எழுப்பிய மனிதரின் பெயர், அவர் மகளுக்குத் திருமணம் நிகழ்ந்திராவிடில் மறைந்தே போயிருக்கும். இது அவ்வூருக்கு மட்டும் உரிய குறையன்று. நம் தெருவிலும் பட்டப்பெயருக்குள் பெயரைத் தொலைத்தவர் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

பெயரிடுவதில் அரசு ஓரளவு வழிகாட்டியிருக்கிறது. ஊனமுற்றோர் என்னும் சொல்லை நீக்கி, 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாற்றுத்திறனாளிகள் என்னும் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தது. பொதுச்சொல் மாறியது நன்று. தனி மனிதரின் பெயரை மீட்பது நம் கையில் இருக்கிறது.

வெள்ளித்திரையில்

ஏடும் கல்வெட்டும் சென்று சேராத வீடுகளுக்கும் திரைப்படம் செல்கிறது. 1954-இல் வெளிவந்த ‘இரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர்.ராதாவின் நடிப்பை வியவாதார் இல்லை. ஆயின் ஒழுக்கம் தவறியவனுக்குத் தண்டனையாகத் தொழுநோய் வந்து சேர்கிறது என்னும் கருத்து அப்படத்தின் உயிர்நாடி. தொழுநோய் கிருமியால் வருவது, மருந்தால் குணமாவது. ஆனாலும் பாவத்தின் கூலி என்னும் எண்ணத்தை இத்தகைய படங்கள் பல தலைமுறைக்கு உறுதிப்படுத்தின. பின்னர் ‘ராஜபார்வை’ (1981) பார்வையற்ற வயலின் கலைஞனையும், ‘மொழி’ (2007) பேச்சும் கேள்வியும் இல்லாத தன்மதிப்புள்ள பெண்ணையும் கதைமாந்தராக்கின. நம் மாவட்டத்துப் பழனியையும் களமாகக் கொண்ட ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ (2003) என்னும் நாவல், உடற்குறையுடையாரை விலைபேசும் பிச்சைத் தொழிலின் கொடுமையை எழுதியது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். எனினும் திக்குவாயும் மாறுகண்ணும் நொண்டி நடையும் நகைச்சுவைக் காட்சிகளில் மலிந்தே இருந்தன.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓர் இந்திப்படம் தொடர்பான வழக்கில் தெளிவான வேறுபாடு ஒன்றைக் காட்டியது. மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு. அவர் வாழ்வைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும் நகைச்சுவை வேறு என்பதே அது. கலித்தொகைப் பாடலை எவ்வகையில் படிப்பது என்பதற்கும் இவ்வேறுபாடு நமக்கு உதவும்.

சட்டம் சொல்வதும் நாம் செய்யாததும்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதனை 21 வகையாக விரித்தது. அதன் 29-ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வைப் பற்றியது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்க்கும் எழுத்தாளர்க்கும் ஆதரவு, கலைகள் அவர்களுக்கு எட்டும்படி செய்தல் ஆகியவற்றோடு, அவர்தம் வரலாற்று அனுபவங்களைப் பதிவு செய்து விளக்கும் வரலாற்று அருங்காட்சியகம் அமைத்தலையும் அரசின், உள்ளாட்சியின் கடமைகளுள் ஒன்றாக அது கூறுகிறது. கல்வி, வேலை தொடர்பான பிரிவுகளை நம்மில் பலர் அறிவோம். இந்தப் பிரிவைப் பற்றி நம் வட்டாரத்து மேடை எதிலும் பேசக் கேட்டதில்லை.

முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் பார்வையற்றோர் தொட்டு அறியும் வகையில் சிற்பங்களின் படிகளைக் கொண்ட கூடம் ஒன்று 2015-இல் திறக்கப்பட்டது. சென்னைக் காமராசர் சாலையில் 2022-இல் ‘அனைத்தும் சாத்தியம்’ என்னும் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டு, துணைக்கருவிகளை இயக்கிக் காண வழி செய்யப்பட்டது. முன்னது பழம்பொருளை அவர்கள் கைக்கு எட்டச் செய்கிறது. பின்னது எதிர்காலத்திற்கான கருவிகளைக் காட்டுகிறது. ‘உள்ளே என்னைப் போல யாராவது இருந்தார்களா?’ என்னும் வினா இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வொன்று, அந்நாட்டு அருங்காட்சியகங்களில் மாற்றுத்திறனாளிகள் தொடர்பான பொருள்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் விளக்கக் குறிப்புகள் அதனைச் சொல்லாமல் விடுகின்றன என்று காட்டியது. நம் முயலகன், அகத்தியர் கதையும் அதுவே.

காலம் தாழ்த்தலாகாது

இதில் காலத்தின் நெருக்கடியும் உண்டு. 1995-இல் நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. இந்தியாவின் இறுதிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சு 27-இல் நம் நாடு போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. இறைவனுக்கே புகழனைத்தும். ஆனால் அந்நோயைத் தாங்கி வாழ்ந்த தலைமுறை இன்று நடுவயதையும் முதுமையையும் அடைந்துவிட்டது. அவர்களோடு ஒரு வாழ்க்கை வரலாறே முடிந்துபோகும்.

அவர்கள் அணிந்த இரும்புக் காலிப்பரும், ஒருபுறம் உயர்த்தித் தைத்த தோல் செருப்பும், கையால் சுற்றி ஓட்டிய மூன்று சக்கர வண்டியும் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 1990-களில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தந்து தொலைபேசி நிலையங்கள் ஒதுக்கப்பட்டன. எஸ்.டி.டி. என்று எழுதிய மஞ்சள் பலகையின் கீழ் அமர்ந்து, ஊராரின் நல்ல செய்தியையும் துயரச் செய்தியையும் முதலில் கேட்டவர்கள் அவர்களே. கைப்பேசி வந்தது, கூண்டுகள் மறைந்தன. அவர்கள் அதன்பின் என்ன தொழில் செய்தனர், எப்படிக் குடும்பம் காத்தனர் என்பதை எழுதி வைத்தோமா? அந்த மஞ்சள் பலகையும் அருங்காட்சியகத்திற்குரிய பொருளே.

நாம் செய்யத்தக்கவை

பெரிய கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நம் தமிழ்த்துறையே தொடங்கலாம்.

முதலாவது, இளங்கலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் வாழும் மூத்த மாற்றுத்திறனாளி ஒருவரை அணுகி, அவர் இசைவுடன் அவர் வரலாற்றை அவர் சொற்களிலேயே எழுதிவர வேண்டும். முதல் வரியில் அவருடைய இயற்பெயர் இருக்க வேண்டும். திண்டுக்கல், வடமதுரை, வேடசந்தூர் என்று நம் மாணவர் பரவியுள்ள ஊர்களை எண்ணினால், மூன்றாண்டுகளில் ஒரு நல்ல தொகுதி உருவாகும்.

இரண்டாவது, கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி. அதில் காலிப்பர், ஊன்றுகோல், பிரெயில் சிலேட்டும் எழுத்தாணியும், மேற்கண்ட வரலாறுகளும் இடம்பெற வேண்டும். சங்க நூல்களைச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் பிரெயில் எழுத்தில் வெளியிட்டுள்ளது. அவற்றையும் வாங்கி வைக்கலாம்.

மூன்றாவது, சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பள்ளிவாசலிலும் மதரசாவிலும் திருமண மண்டபத்திலும் அழகிய வளைவு கட்டுவதற்கு முன் சாய்தளமும் கைப்பிடியும் அமைத்துத் தாருங்கள். ஒளூச் செய்யும் இடத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே எட்டும் குழாய் ஒன்று போதும். ஒருவருடைய தொழுகை எளிதாகும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, நம் கல்லூரியிலேயே மாடியில் நடக்கும் தமிழ் வகுப்புகளைத் தேவைப்படும் ஆண்டுகளில் கீழ்த்தளத்திற்கு மாற்றுவது நம் கடமை. அதற்கு எவர் அனுமதியும் நிதியும் பெரிதாக வேண்டுவதில்லை, மனம் வேண்டும்.

அம்மாணவி இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறார். அண்மையில் அவரோடு பேசியபோது அன்றைய நிகழ்வை நினைவுபடுத்தி வருத்தம் தெரிவித்தோம். “அதை நான் மறந்துவிட்டேன் ஐயா, ஆனால் என் பள்ளிப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் சென்றாலும் முதலில் படிகளைத்தான் விசாரிக்கிறேன்” என்றார். அவர் மறக்கவில்லை என்பது நமக்குத் தெரியும்.

உள்ளே அவரைப் போன்றவர் இருந்தனர். பாடினர், பாங்கு சொன்னார்கள், நூல் இயற்றினர். பெயரும் விளக்கமும் இன்றி அவர்களை நிறுத்தியவர்கள் நாமே. அவர்கள் பெயரை எழுதி வைப்பதும், அதனைப் படிக்க வருவோர்க்கு வழியமைப்பதும் நம் பொறுப்பாகும். வல்ல இறைவன் அதற்குரிய மனத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக!